வானத்துக் கடைமடை

சென்னையில் ஏதாவதோர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டைமாடிக்குப் போய் அங்கே பொருத்தியிருக்கும் டிஷ்களைப் பாருங்கள். எல்லாம் ஒரே பக்கம் பார்ப்பதில்லை. ஒரு நிறுவனத்தின் டிஷ்கள் ஏறக்குறைய நேர் தெற்கே முகம் காட்டும். இன்னொரு நிறுவனத்தின் டிஷ்கள் தென்கிழக்கே திரும்பியிருக்கும். வடக்கே பார்க்கும் டிஷ் ஒன்றுகூடக் கண்ணில் படாது. பொருத்த வந்தவர் திசையைச் சரிபார்த்துத் திருகை இறுக்கிவிட்டுப் போய்விட்டால், புயல்காற்று அசைக்காதவரை ஆண்டுக்கணக்கில் அதைத் தொடவேண்டியதில்லை. சூரியனும் நிலவும் நட்சத்திரங்களும் இடம் மாறிக்கொண்டே இருக்க, டிஷ் பார்க்கும் பொருள் மட்டும் வானத்தில் ஆணி அடித்ததுபோல் நிற்கிறது.

நிற்பதுபோல் தோன்றும் அந்தச் செயற்கைக்கோள் உண்மையில் நொடிக்கு 3 கிலோமீட்டருக்கு மேல் பாய்ந்துகொண்டிருக்கிறது. பூமியை ஒட்டிச் சுற்றும் செயற்கைக்கோள் ஒன்றரை மணி நேரத்தில் ஒரு சுற்றை முடித்துவிடும். நிலவுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் வேண்டும். அப்படியானால் இரண்டுக்கும் நடுவே ஏதோ ஓர் உயரத்தில், பூமி தன்னைத்தானே சுற்ற எடுக்கும் அதே 23 மணி 56 நிமிடத்தில் ஒரு சுற்று முடியவேண்டும் அல்லவா? அந்த உயரம் 35,786 கிலோமீட்டர். நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே அந்த உயரத்தில் கிழக்கு நோக்கி ஓடும் செயற்கைக்கோள் பூமியோடு சேர்ந்தே திரும்பும். கொஞ்சம் உயரே போனால் பின்தங்கும். கொஞ்சம் இறங்கினால் முந்திக்கொள்ளும். நிலநடுக்கோட்டை விட்டு விலகினால் வானத்தில் எட்டு வரைந்தபடி வடக்கும் தெற்குமாக ஆடும். நகராத செயற்கைக்கோளுக்கு இயற்கை கொடுத்திருப்பது இந்த ஒரே ஒரு வளையம்தான்.

புவிநிலைச் சுற்றுப்பாதை என்று அதற்குப் பெயர். சுற்றளவு சுமார் 2,65,000 கிலோமீட்டர். ஒரு டிகிரிக்கு 736 கிலோமீட்டர் வருகிறது. சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குச் சாலைவழியே போகும் தூரம் ஏறக்குறைய அவ்வளவுதான். கேட்பதற்குத் தாராளமான இடம் போலிருக்கும். ஆனால் இங்கே நெருக்கடி உலோகப் பெட்டிகளால் வருவதில்லை, வானொலி அலைகளால் வருகிறது. கீழேயிருக்கும் சிறிய டிஷ்ஷின் பார்வை அவ்வளவு கூர்மையானதல்ல. ஒரே அலைவரிசையில் பேசும் இரண்டு செயற்கைக்கோள்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் இரண்டும் கலந்து இரைச்சலாகும். இரண்டு டிகிரி இடைவெளி விடுவது பல இடங்களில் வழக்கம். அந்தக் கணக்குப்படி ஓர் அலைவரிசைக்கு வளையம் முழுக்க 180 இடங்கள். உலகில் 190க்கு மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. வெவ்வேறு கண்டங்களை நோக்கிப் பேசுவது, அலைகளின் அதிர்வுத் தளத்தை மாற்றுவது என்று பொறியாளர்கள் நெரிசலைக் குறைக்கப் பல வழிகள் கண்டிருக்கிறார்கள். ஆனாலும் எல்லோருக்கும் நல்ல இடம் கிடையாது என்பது மாறவில்லை.

யாருக்கு எந்த இடம், யார் முடிவு செய்வது என்ற கேள்வி பிறந்த நாளிலேயே விண்வெளி என்பது இயற்பியலாளர்களின் துறையாக மட்டும் இருப்பது முடிந்துவிட்டது. பல்கலைக்கழகங்களில் சர்வதேச உறவுகளையும் சட்டத்தையும் படிப்பவர்கள் இன்று விண்வெளிக் கொள்கை என்ற தனித்துறையில் ஆய்வு செய்கிறார்கள். அவர்களுக்கு இந்த வளையத்தைப்போல் வளமான பாடப்பொருள் வேறில்லை என்பது என் எண்ணம். பெரிய நாடும் சிறிய நாடும், பணமும் நியாயமும், இயற்பியலும் சட்டமும் இத்தனை குறுகிய ஓரிடத்தில் முட்டிக்கொண்டதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

இந்த வளையத்தில் நிறுத்திய நிலையங்கள் வழியாக உலகம் முழுவதும் பேசலாம் என்று 1945ஆம் ஆண்டு அக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். அப்போது உலகில் ஒரு செயற்கைக்கோள்கூட இல்லை. 1956இல் இலங்கைக்குக் குடிவந்து 2008இல் கொழும்பில் காலமாகும்வரை அவர் அங்கேயே வாழ்ந்தார். தான் எழுதிய வளையத்துக்கு ஏறக்குறைய நேர்கீழே அவர் வீடு. அவர் கனவில் இருந்தது எல்லா மனிதருக்கும் பொதுவான ஒரு வானம்.

நடந்தது வேறு. 1964இல் பல நாடுகள் சேர்ந்து இன்டெல்சாட் என்ற கூட்டமைப்பை உருவாக்கின. உலகத்துக்கே பொதுவான செயற்கைக்கோள் தொலைத்தொடர்பு என்பது அதன் குறிக்கோள். ஆனால் தொடக்கத்தில் அதில் அமெரிக்காவின் பங்கு 61 விழுக்காடு. செயற்கைக்கோளை மேலே ஏற்றும் ராக்கெட்டும், சோவியத் நாட்டை விட்டால், அவர்களிடம்தான் இருந்தது. பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் சேர்ந்து சிம்ஃபொனி என்ற தகவல்தொடர்புச் செயற்கைக்கோளைக் கட்டின. அதை ஏற்றித்தர அமெரிக்கா ஒரு நிபந்தனை விதித்தது: சோதனைக்கு மட்டும் பயன்படுத்தலாம், இன்டெல்சாட்டுக்குப் போட்டியாக வணிகம் செய்யக்கூடாது. வேறு வழியின்றி ஏற்றுக்கொண்டார்கள். 1974 டிசம்பரில் சிம்ஃபொனி அமெரிக்க ராக்கெட்டில் ஏறியது. ஆனால் அந்த நிபந்தனை ஐரோப்பாவின் மனத்தில் தைத்துவிட்டது. சொந்த ராக்கெட் இல்லாதவனுக்குச் சொந்த வானம் இல்லை என்று பிரான்ஸ் பிடிவாதமாக நின்றது. அதன் விளைவுதான் ஆரியான் ராக்கெட். 1979 டிசம்பர் 24 அன்று அது முதன்முறையாகப் பறந்தது.

இந்தக் கதையின் ஒரு கிளை நம் பக்கம் வருகிறது. ஆரியானின் மூன்றாம் பயணத்தில், 1981 ஜூனில், இந்தியாவின் ஆப்பிள் செயற்கைக்கோள் ஏறிச்சென்றது. நம் நாடு கட்டி, இந்த வளையத்தில் நிறுத்திய முதல் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள் அது. உலோக வண்டி அலைகளைக் குலைக்கும் என்பதால் அதை மாட்டுவண்டியில் வைத்துச் சோதித்தார்கள். அந்தப் புகைப்படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. ஆனால் அந்த மாட்டுவண்டிக்கு முன்னால் பத்தாண்டுக் காலப் பேச்சுவார்த்தைகள் இருக்கின்றன. 1969இல் விக்ரம் சாராபாய் காலத்தில் இந்தியாவும் நாசாவும் ஓர் ஒப்பந்தம் செய்தன. அதன்படி ஏ.டி.எஸ்-6 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் நகர்த்தப்பட்டு, கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு மேலே 35 டிகிரி கிழக்கில் வந்து நின்றது. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை ஓராண்டு, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு அது நேரடியாகத் தொலைக்காட்சி காட்டியது. கம்பிவலையால் செய்த பத்தடி அகல ஏற்பிகள். பல ஊர்களில் மின்சாரமே புதிது. கிளார்க்கின் கொழும்பு வீட்டிலும் இஸ்ரோ பொறியாளர்கள் ஓர் ஏற்பியை நிறுவித்தந்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் எழுதியதை அவர் தன் வீட்டிலேயே பார்த்தார். ஆண்டு முடிந்ததும் ஒப்பந்தப்படி ஏ.டி.எஸ்-6 அமெரிக்கப் பக்கம் திரும்பிவிட்டது. கிராமங்களில் திரை இருண்டது. பிறகு 1977 முதல் இரண்டு ஆண்டுகள் சிம்ஃபொனியை இரவல் வாங்கிச் சோதனைகள் நடத்தினோம். இரவல் பொருளின் அருமையையும் அதன் வலியையும் அறிந்தவர்கள்தான் ஆப்பிளைக் கட்டினார்கள்.

ஏ.டி.எஸ்-6 இந்தியாவைவிட்டுப் போன அதே 1976ஆம் ஆண்டின் டிசம்பரில், கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் ஒரு கூட்டம் நடந்தது. பிரேசில், கொலம்பியா, காங்கோ, ஈக்வடார், இந்தோனேசியா, கென்யா, உகாண்டா, சயீர் ஆகிய எட்டு நாடுகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். எல்லாம் நிலநடுக்கோடு கடந்துபோகும் நாடுகள். டிசம்பர் 3 அன்று வெளியான பொகோட்டா பிரகடனம் உலகச் சட்ட அறிஞர்களைத் திடுக்கிட வைத்தது. தங்கள் நிலத்துக்கு நேர்மேலே 36 ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் வளையத்தின் துண்டு தங்கள் நாட்டின் பகுதி என்றது அது. அங்கே செயற்கைக்கோள் நிறுத்த விரும்புகிறவர் முன்கூட்டியே அனுமதி பெறவேண்டும். பெருங்கடலுக்கு மேலே உள்ள துண்டுகள் மனிதகுலத்தின் பொதுச்சொத்து.

1967இல் நடைமுறைக்கு வந்த விண்வெளி ஒப்பந்தத்தின் இரண்டாம் பிரிவு, விண்வெளியின் எந்தப் பகுதியையும் எந்த நாடும் தனக்கென்று உரிமை கொண்டாட முடியாது என்கிறது. பொகோட்டாவில் கூடியவர்கள் இதை அறியாதவர்களல்ல. அவர்கள் வாதம் நுட்பமானது. விண்வெளி எங்கே தொடங்குகிறது என்று அந்த ஒப்பந்தத்தில் வரையறை இல்லை. இன்றும் இல்லை. இந்த வளையம் இருப்பதற்கே காரணம் பூமியின் ஈர்ப்பும் சுழற்சியும்தான். பூமி இல்லாவிட்டால் வளையம் இல்லை. ஆகவே இது விண்வெளியைச் சேர்ந்ததல்ல, பூமியின் இயற்கை வளம். எங்கள் மண்ணுக்கு அடியில் கிடைக்கும் எண்ணெய் எங்களுடையது என்றால், எங்கள் மண்ணுக்கு மேலே கிடைக்கும் இந்த அரிய இடமும் எங்களுடையது.

முதன்முறை படித்தபோது இந்த வாதத்தின் துணிவு என்னைக் கட்டிப்போட்டது. ஆனால் இயற்பியல் இதை ஏற்காது. எந்த ஒரு சுற்றுப்பாதையும் பூமியின் ஈர்ப்பால் உண்டாவதுதான். அந்தக் காரணம் போதுமென்றால் நிலவையும் பங்கு கேட்கவேண்டியிருக்கும். அதைவிட அழகான மறுப்பு ஒன்று செயற்கைக்கோளிடமே இருக்கிறது. வளையத்தில் நிறுத்தியது அப்படியே நிற்பதில்லை. சூரியனும் நிலவும் அதை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. அந்த இழுப்பில் அதன் பாதை ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி வரை சாய்கிறது. எரிபொருள் தீர்ந்த செயற்கைக்கோளின் பாதை மெல்ல மெல்லச் சாய்ந்து, சுமார் 15 டிகிரிவரை போய், மறுபடி நிமிர்ந்து வர 53 ஆண்டுகள் பிடிக்கும். செயற்கைக்கோள் சுமந்துசெல்லும் எரிபொருளில், இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபின் மிஞ்சுவதில், பெரும்பகுதி இந்தச் சாய்வைத் திருத்துவதற்கே செலவாகிறது. பூமி மட்டும் அந்த இடத்தை உண்டாக்கவில்லை. பூமியும் சூரியனும் நிலவும் மனிதர் கொண்டுபோன எரிபொருளும் சேர்ந்து ஒவ்வொரு நாளும் அதை உண்டாக்குகின்றன.

ஆக அந்த உரிமைகோரல் தோற்றது. எந்த வல்லரசும் அனுமதி கேட்டு வரவில்லை. ஆனால் அதை நகைப்புக்குரிய சரித்திரக் குறிப்பாக ஒதுக்குவது பெரிய அநியாயம். அந்நாடுகளின் குறை உண்மையான குறை. வளையத்தில் இடம் கொடுப்பது ஜெனீவாவில் இருக்கும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பதிவேடு. அதன் அடிப்படை விதி, முதலில் வந்தவருக்கு முதலிடம். பின்னால் வருபவர், முன்னால் வந்தவருக்கு இடையூறு இல்லாதபடி ஒதுங்கி நிற்கவேண்டும். ராக்கெட்டும் பணமும் வைத்திருந்தவர்களுக்கு அது எளிய விதி. அப்போதுதான் விடுதலை பெற்றுப் பள்ளிக்கூடம் கட்டிக்கொண்டிருந்த நாடுகள் வரிசைக்கு வந்து சேர்வதற்குள் நல்ல இடங்கள் போய்விடும்.

தஞ்சைப் பக்கம் விவசாயம் பார்த்த குடும்பத்துக்கு இதை விளக்கவே வேண்டாம். தலைமடைக்காரர் வயல் நிறைந்தபின்தான் கடைமடைக்குத் தண்ணீர். வாய்க்கால் பொது, தண்ணீர் பொது, ஆனால் இருக்கும் இடத்தால் ஒருவருக்கு முதல் கை. அதனால்தான் நம் ஊர்களில் முறைப்பாசனம் வந்தது, ஏரிகளில் தண்ணீரைப் பங்கிட நீர்க்கட்டி என்று ஒருவரை நியமித்தார்கள். பொதுவளங்களை ஊர் மக்கள் தாங்களே விதி வகுத்துக் காப்பதை ஆராய்ந்து 2009இல் பொருளாதார நோபல் பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், நேபாளத்தின் பாசன வாய்க்கால்களை நெடுங்காலம் ஆய்வு செய்தவர். அவருடைய கோட்பாட்டை இப்போது விண்வெளிக் கொள்கை ஆய்வாளர்கள் சுற்றுப்பாதைகளுக்குப் பொருத்திப் பார்க்கிறார்கள். வாய்க்காலுக்கு வகுத்த அறிவு வளையத்துக்கும் உதவுகிறது என்பதில் எனக்கு வியப்பில்லை.

பொகோட்டா நாடுகள் சொத்தைப் பெறவில்லை, சொல்லைப் பெற்றன. வளையம் ஓர் அளவுக்குட்பட்ட இயற்கை வளம் என்பதை ஒன்றியம் 1973இலேயே ஒப்புக்கொண்டிருந்தது. 1982இல் நைரோபியில் நடந்த மாநாடு அதனோடு இன்னொன்றைச் சேர்த்தது: வளரும் நாடுகளின் தனித் தேவைகளையும் குறிப்பிட்ட சில நாடுகளின் புவியியல் அமைப்பையும் கணக்கில் கொள்ளவேண்டும். 1988இல் அடுத்த அடி. குறிப்பிட்ட சில அலைவரிசைகளில், ராக்கெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் இடமாவது ஒதுக்கிவைக்கும் திட்டம் நிறைவேறியது. வானத்துக்கு ஒரு முறைப்பாசனம் என்று நான் அதைச் சொல்வேன். சிறியது, குறைபாடுள்ளது. ஆனால் வலியவர்கள் எழுதிய விதியை எளியவர்கள் பேசிப் பேசியே வளைத்ததற்கு உலக அரசியலில் இதைப்போல் எடுத்துக்காட்டுகள் அதிகமில்லை.

விதி இருக்கும் இடத்தில் விதியை விற்பவர்களும் வருவார்கள். பசிபிக்கில் ஒரு லட்சம் மக்கள்கூட நிரம்பாதிருந்த டோங்கா என்ற தீவு நாடு, 1988 தொடங்கி 16 இடங்களுக்கு விண்ணப்பித்தது. எதிர்ப்புகளுக்குப் பின் ஆறு கிடைத்தன. அவற்றை அது மற்றவர்களுக்கு வாடகைக்கு விட்டது. காகிதச் செயற்கைக்கோள் என்ற சொல் அதன்பின் பரவியது. வெறும் விண்ணப்பத்தால் இடத்தைப் பிடித்துவைத்தல். இப்போது பதிவு செய்து ஏழு ஆண்டுகளுக்குள் உண்மையான செயற்கைக்கோளை அங்கே நிறுத்திக் காட்டவேண்டும். இருந்தது செயலிழந்தால் மூன்று ஆண்டுகளுக்குள் வேறொன்றைக் கொண்டுவர வேண்டும். இந்தோனேசியாவுக்கு 123 டிகிரி கிழக்கில் இருந்த கருடா செயற்கைக்கோள் 2015இல் ஓய்ந்தபோது, இடம் பறிபோகாமலிருக்க வேறொரு நிறுவனத்தின் பழைய செயற்கைக்கோளை வாடகைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வாடகைத் தகராறு லண்டன் நடுவர் மன்றம்வரை போய், இந்தோனேசியாவுக்கு எதிராக முடிந்தது. பொகோட்டாவில் உரிமை கோரிய நாடுகளில் ஒன்று, நாற்பது ஆண்டுகள் கழித்து, தன் தலைக்கு மேலே இருக்கும் இடத்தைத் தக்கவைக்க வாடகை கட்டப் பாடுபட்டது.

இதே வளையம் அன்புக்கும் பயன்படும். 2017 மே 5 அன்று இந்தியா ஏவிய தெற்காசியச் செயற்கைக்கோளில் இலங்கை, நேபாளம், பூட்டான், வங்கதேசம், மாலத்தீவு, ஆப்கானிஸ்தான் ஆகியவை பங்கு பெற்றன. பாகிஸ்தான் சேரவில்லை. யார் உள்ளே, யார் வெளியே என்பதைப் பார்த்தாலே அந்த ஆண்டின் தெற்காசிய உறவு தெரியும்.

நமக்கு மிக அருகில் இருக்கும் விந்தையை இனிமேல்தான் சொல்லப்போகிறேன். நிலநடுக்கோடு துல்லியமான வட்டமல்ல, மிக இலேசாக நீள்வட்டம். அதனால் வளையத்தில் ஈர்ப்பு எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை. இரண்டு மேடுகளும் இரண்டு பள்ளங்களும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பள்ளம் பசிபிக்குக்கு மேலே, 105 டிகிரி மேற்கில். மற்றது 75 டிகிரி கிழக்கில், மாலத்தீவுக்குச் சற்றுக் கிழக்கே, இந்தியப் பெருங்கடலுக்கு நேர்மேலே. கட்டுப்பாட்டை இழந்த செயற்கைக்கோள் கிண்ணத்தில் விட்ட கோலிபோல் பள்ளத்தை நோக்கி வந்து, கடந்து, மறுபக்கம் ஏறித் திரும்பும். 60 டிகிரியில் செத்தது 90 டிகிரிவரை போய்வரும். ஒரு ஊசலாட்டத்துக்கு ஆண்டுக்கணக்காகும். அந்த வழியில்தான் 74, 83 டிகிரியில் நிற்கும் நம் செயற்கைக்கோள்கள் இருக்கின்றன. ஆயுள் முடியுமுன் மிச்ச எரிபொருளில் சுமார் 300 கிலோமீட்டர் மேலே ஏறி ஒதுங்கவேண்டும் என்பது உலகம் ஒப்புக்கொண்ட நெறி. எல்லாவற்றாலும் முடிவதில்லை. 2024 அக்டோபர் 19 அன்று 60 டிகிரி கிழக்கில் இன்டெல்சாட் 33-ஈ துண்டுதுண்டாக உடைந்தது. அது உடைந்த இடம் நம் பள்ளத்தின் சரிவு.

இங்கே ஒற்றர்களும் உண்டு. 2014இல் ரஷ்யா ஏவிய லூச் என்ற செயற்கைக்கோள் வளையத்தில் இடம்விட்டு இடம் போய் மற்றவர்களின் செயற்கைக்கோள்கள் அருகே நின்றது. தங்கள் ராணுவத் தொடர்புச் செயற்கைக்கோளை அது நெருங்கியதாக 2018இல் பிரான்சின் பாதுகாப்பு அமைச்சர் வெளிப்படையாகக் குற்றம்சாட்டினார். அமெரிக்காவும் இப்படி நெருங்கிப் பார்க்கும் செயற்கைக்கோள்களை வைத்திருக்கிறது. 2022 ஜனவரியில் சீனாவின் ஷிஜியான்-21 அந்நாட்டின் செத்துப்போன பெய்தோ வழிகாட்டிச் செயற்கைக்கோள் ஒன்றைப் பிடித்து மேலே இழுத்துச்சென்று ஒதுக்கியது. குப்பை அகற்றும் நல்ல வேலை அது. குப்பையைப் பிடிக்கும் கை பக்கத்து நாட்டின் உயிருள்ள செயற்கைக்கோளையும் பிடிக்கலாம் என்பதால் மற்றத் தலைநகரங்கள் அன்று தூங்கியிருக்காது. கருவியைப் பார்த்து நோக்கத்தைச் சொல்ல முடியாத இந்தச் சிக்கலைத்தான் சர்வதேச உறவு ஆய்வாளர்கள் இப்போது அதிகம் எழுதுகிறார்கள். எவ்வளவு நெருங்கலாம், நெருங்குமுன் யாரிடம் சொல்லவேண்டும் என்பதற்கு எல்லோரையும் கட்டுப்படுத்தும் விதி எதுவும் இன்னும் எழுதப்படவில்லை.

அந்த விதிகளை எழுதும் மேசையில் நம் பிள்ளைகள் உட்காரவேண்டும். ராக்கெட் பொறியாளர்களைத் தமிழ்நாடு நிறையத் தந்திருக்கிறது. சட்டமும் அரசியல் அறிவியலும் படிக்கும் மாணவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: உங்கள் ஆய்வுக்குத் தலைப்பு தேடும்போது மேலேயும் ஒருமுறை பாருங்கள். தாழ்ந்த சுற்றுப்பாதைகளில் இன்று ஆயிரக்கணக்கான செயற்கைக்கோள்களுக்கு நிறுவனங்கள் இடம்பிடிக்கின்றன. நாளை நிலவின் தென்துருவப் பனிக்கும் இதே வரிசை நிற்கப்போகிறது. முதலில் வந்தவருக்கே முதலிடமா என்று 1976இல் கேட்ட கேள்விக்கு அங்கேயும் பதில் தேவைப்படும்.

கேட்டவர்கள் எல்லோரும் தங்கள் உரிமைகோரலைக் கைவிட்டுவிடவில்லை. கொலம்பியா விண்வெளி ஒப்பந்தத்தில் 1967இல் கையெழுத்திட்டதோடு சரி, அதை உறுதிசெய்யவே இல்லை. 1991இல் அந்நாடு எழுதிய அரசியலமைப்பின் 101ஆம் பிரிவு நாட்டின் எல்லைகளை வரிசையாகச் சொல்கிறது: நிலம், தீவுகள், கடல், அடிமண், வான்வெளி. அந்த வரிசையில் புவிநிலைச் சுற்றுப்பாதையின் துண்டும் இன்றுவரை இருக்கிறது.